ஜோடி சேர்ந்த முயல்கள் புது இடத்தில் ஏன் முறைத்துக்கொள்கின்றன?

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம்:

"டாக்டர், எங்கள் வீட்டில் 2 முயல்கள். ஆண் வெள்ளை, 2 வயது, 3.8 கிலோ. பெயர் பஞ்சு. பெண் சாம்பல் நிறம், ஒன்றரை வயது, 2.6 கிலோ. பெயர் குண்டுமணி. இரண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் முடிந்து 2 மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. 3 வாரமாகத் தினமும் குளியலறையில் சேர்த்து விட்டுப் பழக்கினோம். கடைசி 2 நாள் ராத்திரி பகலாக அங்கேயே ஒட்டிப் படுத்திருந்தன, ஒன்றையொன்று நக்கிக்கொண்டன. சேர்ந்துவிட்டன என்று நம்பி, நேற்று மாலை பால்கனியில் இருக்கும் பஞ்சுவின் கூண்டில் இரண்டையும் விட்டோம். அரை மணி நேரத்தில் பஞ்சு அவள் மேல் ஏற ஆரம்பித்தான். மூலைக்கு மூலை சிறுநீர். அவள் அவன் முதுகு முடியைக் கொத்தாகப் பிடுங்கிவிட்டாள். பயந்துபோய்ப் பிரித்துவிட்டேன். பட்ட பாடெல்லாம் வீணா? 'ஒரே கூண்டில் போட்டுக் கதவைச் சாத்து, ரெண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும்' என்கிறார் மாமியார். அப்படி விடலாமா? இரண்டையும் விட்டுவிட்டு நான் எப்போது தைரியமாக வேலைக்குப் போகலாம்? பஞ்சுவே எல்லாத் தீனியையும் தின்றுவிடுவான் என்பது இன்னொரு கவலை."

அன்புள்ள சகோதரிக்கு,

எதுவும் வீணாகவில்லை. 2 நாள் ஒட்டிப் படுத்து நக்கிக்கொண்ட முயல்கள் ஒரே மாலையில் பகையாளி ஆகிவிடுவதில்லை. நேற்று மாறியது இடம் மட்டும்தான். குளியலறை இருவருக்கும் சொந்தமில்லாத இடம். பால்கனிக் கூண்டு பஞ்சுவின் வீடு. அவன் தாடைக்குக் கீழே உள்ள சுரப்பியால் கம்பி, மூலை, தீனிக் கிண்ணம் என்று எல்லாவற்றையும் தேய்த்துத் தேய்த்துத் தன் வாசனையைப் பதித்து வைத்திருக்கிறான். நமக்கு அது தெரியாது. குண்டுமணிக்கு உள்ளே நுழைந்த நொடியே தெரியும். அவள் அங்கே விருந்தாளியாகக்கூட இல்லை, அத்துமீறி வந்தவள். அவன் மூலைக்கு மூலை சிறுநீர் விட்டது அதே உரிமையை மறுபடி அழுத்திச் சொல்வதற்காக.

வீட்டில் வளர்க்கும் எல்லா முயல் இனங்களும் ஐரோப்பியக் காட்டு முயலின் வழி வந்தவை. அந்த முயல் மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்கிறது. கூட்டத்துக்குத் துணை எவ்வளவு அவசியமோ, எல்லையும் அவ்வளவு அவசியம். புழுக்கைக் குவியல், சிறுநீர், தாடைச் சுரப்பி ஆகியவைதான் அதன் வேலிக்கற்கள். எத்தனை தலைமுறை கூண்டில் பிறந்தாலும் இந்தக் குணம் போவதில்லை. உங்கள் முயல்களுக்கு இடையே ஜோடி அமைந்துவிட்டது. அந்த ஜோடிக்கென்று ஒரு வீடு இன்னும் அமையவில்லை. இனி செய்ய வேண்டியதெல்லாம் அதற்குத்தான்.

முதலில் உடம்பைப் பாருங்கள்

முடி பிடுங்கியதோடு முடிந்ததா, பல் பட்டதா என்று தெரியாமல் அடுத்த அடி வைக்க வேண்டாம். தரையில் உட்கார்ந்து மடியில் துண்டு விரித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. நம் ஊரில் இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கத்தைத் தாங்கியபடி இருக்க வேண்டும். பின்னங்கால் தொங்கும்படி பிடித்து அது உதறினால், தன் உதறலின் வேகத்திலேயே முதுகெலும்பு முறிந்துவிடக்கூடும்.

முடியை எதிர்த்திசையில் ஊதி, கட்டைவிரலால் பிரித்துப் பிரித்துத் தோல் தெரியும்படி பாருங்கள். பிடரி, முதுகு, விலா, காது விளிம்பு, கண்ணிமை, தொடை இடுக்கு, பிறப்புறுப்பு எதையும் விடாதீர்கள். முடி மட்டும் போய் அடியில் தோல் ரோஜா நிறத்தில் வழவழப்பாக இருந்தால் பயமில்லை. முயலின் ரோமம் லேசாக இழுத்தாலே கையோடு வரும். ஒரு கொத்துப் பறந்ததைப் பார்த்தால் பெரிய சண்டை போலத் தெரியும், ஆனால் அது பெரும்பாலும் "போதும், இறங்கு" என்ற எச்சரிக்கைதான்.

ஊசி குத்தியது போல ஒரு புள்ளி தெரிந்தால் விஷயம் வேறு. முயல் கடித்த காயம் மேலே சிறிதாக, உள்ளே ஆழமாக இருக்கும், ரத்தமும் அதிகம் வராது. சில நாள் கழித்து அதே இடம் கட்டியாக எழும்பும். முயலின் சீழ் நாய், பூனைச் சீழ் போல நீர்த்து வடியாது. பன்னீர்க்கட்டி பதத்தில் இறுகியிருக்கும், அழுத்திப் பிதுக்கினாலும் வராது. அதனால் புள்ளி தெரிந்த அன்றே சலைன் கொண்டு கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டி எழும்பிய பிறகு போனால் அதை வெட்டி எடுக்க வேண்டிவரும். மருந்துக் கடையில் அமாக்சிசிலின் வாங்கி வாயில் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். மனிதருக்கும் நாய்க்கும் சாதாரணமான அந்த மருந்து வாய்வழி போனால், முயலின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களை அழித்து உயிரையே வாங்கிவிடும்.

காயம் இல்லையென்றால் இன்றே இரண்டையும் குளியலறைக்குத் திருப்புங்கள். நீங்கள் பயந்து பிரித்ததைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் பிரித்து வைக்கும் ஒவ்வொரு நாளும் ஒருவர் வாசனை இன்னொருவருக்கு அந்நியமாகிக்கொண்டே போகும். ஓர் இரவில் பெரிதாக ஒன்றும் போகவில்லை. 1 நாளோ 2 நாளோ குளியலறையில் பழையபடி ஒட்டிப் படுக்கட்டும். அதற்குள் நீங்கள் வீட்டைத் தயார் செய்யுங்கள்.

உங்கள் விஷயத்தில் ஆபரேஷன் காலக்கணக்கு சரியாகவே இருக்கிறது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: ஆண் முயலுக்கு விதை நீக்கிய பிறகும் 6 வாரம் வரை கருவூட்டும் சக்தி இருக்கக்கூடும். பெண்ணுக்கு ஹார்மோன் வேகம் தணிய அதே அளவோ, இன்னும் சற்றுக் கூடுதலோ ஆகும். அதற்கு முன் ஜோடி சேர்க்கக் கூடாது. ஆணுக்கு மட்டும் செய்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். குட்டி வராமல் தடுக்க அது போதும். ஆனால் கருப்பை உள்ள பெண் முயலுக்குப் பொய்ச் சினை பிடிக்கும். சுமார் 16 முதல் 18 நாள் கூடு கட்டுவதும், சீறுவதும், துணையை விரட்டுவதுமாக இருக்கும். வயது ஏற ஏறக் கருப்பைப் புற்று வரும் வாய்ப்பும் பெண் முயல்களுக்கு மிக அதிகம். கடையில் "ரெண்டும் பெண்தான்" என்று சொல்லிக் கொடுப்பதையும் நம்ப வேண்டாம். குட்டியில் ஆண், பெண் பிரித்துப் பார்ப்பது அனுபவசாலிகளுக்கே தவறும். சினைக்காலம் சுமார் 31 நாள்தான், குட்டி போட்ட அன்றே தாய் மறுபடி சினையாகவும் முடியும்.

யாருக்கும் சொந்தமில்லாத மூலை

முடிந்தால் பால்கனியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஹாலிலோ, படுக்கையறையிலோ இதுவரை இரண்டுமே காலடி வைக்காத ஒரு மூலை கிடைத்தால் அதுவே உத்தமம். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் 2 வருட வாசனையை ஒரே நாளில் ஓட்டிவிட முடியாது.

பால்கனியைத் தவிர வேறு இடமே இல்லையென்றால், முழுவதும் காலி செய்து கழுவுங்கள். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தரையிலும் கம்பியிலும் தெளித்து 15 நிமிடம் ஊறவிட்டுத் தேயுங்கள். முயல் சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். காய்ந்து வெள்ளையாகப் படியும் அந்தப் பொருக்கில்தான் வாசனை தங்குகிறது, வினிகர் அதைக் கரைக்கும். பினாயில் வேண்டாம். அந்த நெடி முயலின் மூக்குக்கும் நுரையீரலுக்கும் ஆகாது, சிறுநீர்ப் பொருக்கும் அதனால் போகாது. மரப்பெட்டி, பழைய துணி, கடித்த பாய் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மரம் வாசனையை உறிஞ்சி வைத்திருக்கும். பிறகு கழுவிய சாமான்களைப் பழைய இடத்தில் வைக்காமல் எல்லாவற்றையும் இடம் மாற்றி வையுங்கள். பஞ்சு உள்ளே வந்ததும் "இது எந்த இடம்?" என்று தயங்க வேண்டும். அந்தத் தயக்கம்தான் குண்டுமணிக்குக் கிடைக்கும் சமவாய்ப்பு.

கடையில் விற்கும் 2 அடிக் கூண்டு ஜோடிக்கு ஆகாது. பிரிட்டனில் முயல் நலனுக்காக இயங்கும் ராபிட் வெல்ஃபேர் அசோசியேஷன் ஒரு ஜோடிக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் கொண்ட தடையற்ற இடத்தைக் குறைந்தபட்சமாகச் சொல்கிறது. கடைசியில் நீங்கள் போய்ச் சேர வேண்டிய அளவு அது. தொடக்கத்திலேயே அவ்வளவு கொடுக்காதீர்கள். கம்பித் தடுப்புகளை மடக்கி 4 அடிக்கு 4 அடியில் ஒரு கட்டம் போடுங்கள். உயரம் 3 அடி இருக்கட்டும், 2 அடியை பஞ்சு ஒரே தாவலில் தாண்டிவிடுவான். இடம் பெரிதானால் பங்கு போடத் தோன்றும். சிறிதாக இருக்கும்போது ஒரே புல் குவியல், ஒரே நிழல், ஒரே தட்டு என்று சேர்ந்தே இருந்தாக வேண்டும். விலகி நிற்கவே முடியாத அளவுக்கு நெருக்கினாலோ சண்டை வரும். 4 அடி இரண்டுக்கும் நடுவாக இருக்கும்.

தரையை அலட்சியப்படுத்த வேண்டாம். நம் வீட்டு டைல்ஸும் கிரானைட்டும் முயலுக்குச் சறுக்கல். முயலின் உள்ளங்காலில் நாய் போலத் திண்டு கிடையாது, ரோமம்தான். கால் பாவாத முயல் பயந்த நிலையிலேயே இருக்கும், பயந்த முயல் சட்டென்று கடிக்கும். கோரைப்பாயோ கனமான பருத்தி விரிப்போ புதிதாக வாங்கிப் போடுங்கள். கம்பித் தரை அறவே கூடாது. பஞ்சுவைப் போல 4 கிலோவை ஒட்டிய முயலுக்குக் கம்பியில் நின்று நின்று குதிகால் புண்ணாகும். வலி உள்ள முயல் எந்தத் துணையையும் பொறுத்துக்கொள்ளாது.

உள்ளே 2 அட்டைப்பெட்டி வையுங்கள். ஒவ்வொன்றிலும் எதிரெதிராக 2 வாசல் வெட்டியிருக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் புது ஜோடிகளின் பெரிய சண்டைகள் பல ஒற்றை வாசல் பெட்டிக்குள்தான் வெடிக்கின்றன. உள்ளே ஒன்று இருக்கும், வாசலை இன்னொன்று மறைக்கும், தப்ப வழியில்லாதது கடிக்கும். கழிவுத் தட்டும் 2 வேண்டும். அதில் ஒன்றாவது இரண்டும் சேர்ந்து உட்காரக்கூடிய அகலமான பிளாஸ்டிக் தட்டாக இருக்கட்டும். அடியில் கிழித்த செய்தித்தாள், மேலே கைப்பிடி கைப்பிடியாக உலர்புல். முயல் புல் மென்றுகொண்டேதான் புழுக்கை போடும், தட்டிலேயே புல் இருந்தால் பழக்கம் சீக்கிரம் படியும். தண்ணீருக்கு 2 கனமான மண் சட்டி. எல்லாவற்றிலும் இரண்டு, இரண்டும் ஒரே மாதிரி. ஒன்று பெரிதாகவோ உசத்தியாகவோ இருந்தால் அதற்கே போட்டி வரும்.

குடியேற்றும் நாள்

மதியம் 2 மணி வாக்கில் செய்யுங்கள். முயல் விடியலிலும் அந்தியிலும் துடிப்பாக இருக்கும் பிராணி, பகலில் அசந்து கிடக்கும். நீங்கள் நேற்று மாற்றிய நேரம் அந்தி, விறுவிறுப்பு உச்சத்தில் இருக்கும் வேளை. இரண்டையும் ஒரே கூடையில் தூக்கிச் செல்லுங்கள். ஒன்றை முதலில் விட்டு இன்னொன்றைப் பிறகு விட்டால், முதலில் வந்தது வீட்டுக்காரர் ஆகிவிடும். குளியலறையில் இரண்டும் படுத்திருந்த விரிப்பைக் கழுவாமல் அப்படியே கொண்டுவந்து நடுவில் போடுங்கள். கழிவுத் தட்டிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்துப் புதுத் தட்டில் தூவுங்கள். புது வீட்டில் முதலில் பதிவது இருவரின் கலந்த வாசனையாக இருக்க வேண்டும், தனி ஒருவருடையதாக அல்ல. கட்டம் முழுக்கக் கொத்தமல்லித் தழையைத் தூவிவிட்டு நீங்களும் தரையில் உட்காருங்கள்.

அடுத்து நடப்பதைப் பதறாமல் பாருங்கள். பஞ்சு மறுபடி ஏறுவான். கருத்தடை ஆனபின் ஏறுவது பெரும்பாலும் காமம் அல்ல, யார் பெரியவர் என்ற கணக்கு. பெண்ணும் ஏறுவாள். பின்பக்கமாக ஏறி, சில நொடியில் இறங்கினால் விட்டுவிடுங்கள். அரை நிமிடத்தைத் தாண்டினாலோ, அடியில் இருப்பவள் ஓடியும் விடாமல் துரத்தித் துரத்தி ஏறினாலோ, கையால் மெதுவாக அவனை இறக்கி நெற்றியைத் தடவிக்கொடுத்து அவளுக்கு ஓய்வு கொடுங்கள். தலைப்பக்கமாக ஏறினால் ஒரு நொடிகூடக் காத்திருக்க வேண்டாம். அப்படி ஏறும்போது அவன் பிறப்புறுப்பு நேராக அவள் வாயருகே இருக்கும். ஒரே கடியில் ஆயுளுக்கும் மாறாத சேதம் ஆகலாம்.

ஒன்று முன்னால் வந்து தலையைத் தரையோடு தாழ்த்தி, மூக்கை மற்றதன் வாய்க்கு அடியில் நுழைத்து அசையாமல் இருக்கும். "நக்கு" என்று கேட்கிறது. மற்றது கண்ணிமையையும் நெற்றியையும் நக்கினால் கணக்குத் தீர்ந்தது. நக்காமல் தானும் தலையைத் தாழ்த்தினால், இரண்டும் நெற்றியோடு நெற்றி அழுத்தி ஒரு நிமிடம்கூட அப்படியே நிற்கும். அந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். காது நிமிர்ந்தோ தளர்ந்தோ இருந்தால் ஒருவர் விட்டுக்கொடுப்பார். காது பின்னால் ஒட்டி, வால் மேலே விறைத்து, தொண்டையில் உறுமல் கேட்டால் அடுத்து பாய்ச்சல்தான். உடனே இரண்டுக்கும் நடுவே ஒரு முறத்தைச் செருகுங்கள். முறம் இதற்கென்றே செய்தது போன்ற சாமான். அகலமானது, லேசானது, யார் பல்லும் உங்கள் கையில் படாது. உட்காரும்போதே ஒரு முறமும் தடித்த துண்டும் பக்கத்தில் இருக்கட்டும். ஒன்றின் வாலை ஒன்று கவ்வ வேகமாக வட்டமடிப்பது, பந்து போல உருண்டு பின்னங்காலால் வயிற்றைக் கிழிக்கப் பார்ப்பது இவைதான் நிஜச் சண்டை. அப்போது வெறுங்கையை விடாதீர்கள், எலும்பு வரை கடி இறங்கும். துண்டைப் போர்த்திப் பிரித்துவிடுங்கள்.

நிஜச் சண்டை நடந்துவிட்டால் காயம் பார்த்து, 2 முதல் 3 நாள் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாக வையுங்கள். நடுவில் ஒரே கம்பி போதாது, மூக்கையும் உதட்டையும் கம்பி வழியாகக் கடித்துவிடும். 3 அங்குல இடைவெளியில் 2 கம்பித் தடுப்பு வேண்டும். தினமும் தட்டையும் விரிப்பையும் மாற்றி மாற்றி வையுங்கள். பிறகு குளியலறையும் அல்லாத மூன்றாவது இடத்தில், 10 நிமிடம் 15 நிமிடமாக மறுபடி தொடங்குங்கள். சண்டை வரும்வரை நீட்டாமல், நன்றாக இருக்கும்போதே முடியுங்கள்.

இப்போது உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னதில் பாதி சரி. ஒவ்வொரு முறைப்புக்கும் நாம் ஓடிப்போய்ப் பிரித்தால் அந்தக் கணக்கு தீரவே தீராது. முடி பறப்பதும், 2 நொடித் துரத்தலும், ஓரிரு உறுமலும் பேச்சுவார்த்தைதான். ஆனால் சிறு கூண்டில் போட்டுக் கதவைச் சாத்துவது வேறு. காட்டு முயலுக்குத் தோற்றால் ஓட நிலம் இருக்கிறது, கூண்டில் ஓட இடமில்லை. தோற்ற பிறகும் அடி வாங்கிக்கொண்டே இருக்கும். காலையில் நீங்கள் பார்ப்பது "சரியான" ஜோடியாக இருக்காது, மூலையில் ஒடுங்கி உணவை விட்ட ஒன்றும் அதன் மேல் அதிகாரம் செய்யும் ஒன்றுமாக இருக்கும். கூடையில் போட்டு வண்டியில் ஊர் சுற்றினால் ஒட்டிக்கொள்ளும் என்றும் சிலர் சொல்வார்கள். ஒட்டிக்கொள்ளும், நடுக்கத்தால். பயம் தெளிந்ததும் பழைய கணக்கு திரும்பும். அந்த அதிர்ச்சியில் குடல் நின்றுவிட்டால் அது தனி ஆபத்து.

தனியாக விடுவது எப்போது

கணக்கு இதுதான். தொடர்ந்து 48 மணி நேரம், அதாவது 2 விடியல், 2 அந்தி, துரத்தலோ பாய்ச்சலோ இல்லாமல் போக வேண்டும். ஒரே புல் குவியலில் தின்ன வேண்டும். உடம்பு தொட்டுப் படுக்க வேண்டும். அதனால் சனி, ஞாயிறோடு ஒருநாள் விடுப்புப் போட்டு வெள்ளி மதியம் குடியேற்றுங்கள். முதல் 2 இரவு நீங்களோ வீட்டில் ஒருவரோ பக்கத்திலேயே பாய் போட்டுப் படுங்கள். நள்ளிரவைவிட காலை 5 முதல் 7 மணி வரைதான் விழிப்பு வேண்டும். பிறகு முதலில் 1 மணி நேரம் வெளியே போய்வாருங்கள், அடுத்து 3 மணி, அடுத்து அரைநாள். திரும்பி வந்ததும் தரையைப் பாருங்கள். ஓரிரு முடிக்கொத்து கிடந்தால் கவலையில்லை. கட்டம் முழுக்க முடி பறந்து தட்டு கவிழ்ந்து கிடந்தால் ஒருபடி பின்னால் போங்கள்.

முதல் வாரம் கட்டத்தை ஓர் அங்குலம்கூட விரிக்க வேண்டாம். அதன்பின் 3, 4 நாளுக்கு ஒருமுறை ஒரு பக்கம் 2 அடி கூட்டுங்கள். எல்லோரும் தவறு செய்வது இந்த இடத்தில்தான். நன்றாக இருக்கிறதே என்று ஒரே நாளில் ஹால் முழுவதையும் திறந்துவிடுவார்கள். புது நிலம் வந்ததும் புது எல்லைத் தகராறு வரும். விரித்த அன்று முறைப்புக் கூடினால் பழைய அளவுக்குச் சுருக்கி 2 நாள் பொறுங்கள், தோல்வியென்று நினைக்க வேண்டாம். பால்கனியைக் கடைசியாகத் திறங்கள், 4 முதல் 6 வாரத்துக்குப் பிறகு. அதுவும் முதலில் இருவரும் சேர்ந்து, நீங்கள் கூட இருக்கும்போது மட்டும்.

முதல் சில நாள் கட்டம் முழுக்கப் புழுக்கை சிதறிக் கிடக்கும். தட்டுப் பழக்கம் மறந்துவிட்டதே என்று திட்டாதீர்கள், இருவரும் சேர்ந்து வேலிக்கல் நடுகிறார்கள். தட்டுக்குள் அள்ளிப் போட்டுவிடுங்கள். சுமார் 2 வாரத்தில் குறையும்.

தீனி விஷயம். பஞ்சு எல்லாவற்றையும் தின்றுவிடுவது பெல்லட் தீனியைக் கிண்ணத்தில் வைப்பதால்தான். கிண்ணத்துக்குக் காவல் போடலாம், தூவியதற்குப் போட முடியாது. வளர்ந்த முயலுக்குப் பெல்லட் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டாம். உங்கள் இரண்டுக்கும் சேர்த்து 160 கிராம்தான் உச்சவரம்பு, அதையும் 2 வேளையாகப் பிரித்துப் புல்லுக்குள் தூவுங்கள். அசல் உணவு உலர்புல், அது எப்போதும் குவிந்திருக்க வேண்டும். டிமோத்தி ஹே விலை அதிகம் என்றால், உங்கள் ஊர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-4 கம்பு நேப்பியர் புல்லை விவசாயிகளிடம் கேட்டு வாங்கலாம். நிழலில் உலர்த்திக் கொடுங்கள். அருகம்புல்லும் அருமையானது. நெல் வைக்கோல் இதற்கு ஈடாகாது, படுக்கைக்கு வேண்டுமானால் போடலாம். குதிரைமசால் வளரும் குட்டிக்கு நல்லது, வளர்ந்ததற்குச் சுண்ணாம்புச் சத்து மிகுந்துவிடும். கேரட், வாழைப்பழம் ஆசைக்கு விரல்நுனி அளவுதான்.

ஜோடியாக வைப்பதில் ஒரே ஒரு சங்கடம், யார் தின்னவில்லை என்று தெரியாது. காலையும் மாலையும் ஆளுக்கொரு புதினாக் கொத்தைக் கையாலேயே நீட்டுங்கள். வாங்காமல் முகத்தைத் திருப்பும் முயலை அன்றைக்கு முழுவதும் கண்காணியுங்கள். 12 மணி நேரம் தின்னாமல், புழுக்கை சிறுத்தோ நின்றோ போனால் அது அவசர நிலை, காலைவரை காத்திருக்கக் கூடாது. புது ஜோடியில் தாழ்ந்துபோகும் முயலுக்கு மன அழுத்தத்தால் குடல் இயக்கம் நிற்பது உண்டு.

வெயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் பக்கம் கிடைக்கும் நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட் போன்ற இனங்களைக் கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும், நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் உள்ள ஆராய்ச்சிப் பண்ணைகளில் வளர்க்கிறார்கள். இரண்டும் குளிர்ந்த இடங்கள். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூடு வெளியேறும். 28 டிகிரியைத் தாண்டினாலே திணறத் தொடங்கும். ஏப்ரல், மே மாதத்தில் இரண்டும் விலகி விலகிப் படுத்தால் ஜோடி முறிந்ததென்று நினைக்காதீர்கள், சூட்டுக்கு விலகுகின்றன. தண்ணீரில் ஊறிய ஓடோ டைலோ 2 போடுங்கள். உறைய வைத்த பாட்டிலைத் துணி சுற்றி வைத்தால் அதுவும் 2. ஒன்றே ஒன்று வைத்தால் அதற்கும் காவல் வந்துவிடும்.

இனி ஒன்றுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் இரண்டையும் ஒரே கூடையில் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரி வாசனையோடு ஒன்று மட்டும் திரும்பினால், வீட்டில் இருப்பது அதை அந்நியமாக நினைத்துத் தாக்கும் வாய்ப்பு உண்டு. தங்கவைத்தே ஆக வேண்டுமென்றால் படுக்கைத் துணியை இரு பக்கமும் மாற்றிக் கொடுத்தனுப்புங்கள், திரும்பியதும் சில மணி நேரம் குளியலறையில் சேர்த்து வைத்த பிறகு கட்டத்தில் விடுங்கள். காதுக்குள்ளோ மூக்கு நுனியிலோ பொருக்குத் தட்டினால் சொறி. ஒன்றுக்குத் தெரிந்தாலும் சிகிச்சை இரண்டுக்கும் சேர்த்துத்தான். நாய்க்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்ப்ரேயை அடித்துவிடாதீர்கள், முயலுக்கு அது விஷம்.

புது வீட்டில் 10 நாள் கழித்தும் ஒன்று பெட்டியைவிட்டு வெளியே வராமல், நீங்கள் நீட்டும் புதினாவுக்கு மட்டும் தலையை நீட்டினால், கட்டத்தின் அளவு, பெட்டிகளின் வாசல், கடைசியாக நடந்த மோதல் ஆகியவற்றை ஒரு நிமிட வீடியோவாக எடுத்துக்கொண்டு முயல் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். எடையும் வாராவாரம் சமையலறைத் தராசில் பார்த்து எழுதி வையுங்கள். குண்டுமணி 2.6 கிலோவிலிருந்து 2.4க்கு இறங்கினாலே காரணம் தேட வேண்டும்.